விண்வெளி நிலையத்தை எட்டிப் பிடித்தல்

1984ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், இந்திய நேரப்படி மாலை 6.38 மணிக்கு, சோவியத் யூனியனின் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டி-11 என்னும் விண்கலம் மூவரைச் சுமந்துகொண்டு மேலெழுந்தது. அவருள் ஒருவர் இந்திய விமானப்படையைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா. புறப்பட்ட ஒன்பது நிமிடங்களுக்குள் கலம் பூமியைச் சுற்றத் தொடங்கிவிட்டது. ஆயினும் அது சென்று சேர வேண்டிய சல்யூத்-7 விண்வெளி நிலையத்தோடு இணைந்தது மறுநாள் இரவு 8 மணி அளவில்தான். அந்நிலையம் பூமிக்கு மேல் ஏறத்தாழ 300 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் அளந்தால் இது தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையேயுள்ள தொலைவைவிடச் சற்றே மிகுதி. இத்தொலைவைக் கடக்க, மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் செல்லும் கலத்திற்கு 25 மணி நேரம் ஏன் தேவைப்பட்டது?

அக்காலத்துக் கருவிகள் பழமையானவை என்று விடை கூறிவிட இயலாது. 41 ஆண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா ஆக்சியம்-4 பயணத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றபோது, இன்றைய கணிப்பொறிகள் அனைத்தும் துணையிருந்தும் 28 மணி நேரம் பிடித்தது. மாறாக, 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ரஷ்யாவின் சோயுஸ் எம்.எஸ்.-17 கலம் அதே நிலையத்தை மூன்று மணி நேரத்தில் சென்றடைந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொள்வதே, மனிதரை விண்வெளி நிலையத்திற்கு அனுப்பும் கலையின் உட்பொருளை அறிந்துகொள்வதாகும். நமது நாடு சொந்தமாக ஒரு விண்வெளி நிலையத்தை அமைக்கத் திட்டமிட்டிருக்கும் வேளையில், இவ்வறிவு பாடநூலோடு நின்றுவிடும் செய்தியன்று.

உயரமன்று, வேகமே

விண்வெளி நிலையம் வானில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடம் என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் அது இடையறாது விழுந்துகொண்டிருக்கும் பொருள். பூமி அதனைத் தன்பால் இழுக்கிறது. ஆனால் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் அது பக்கவாட்டில் விரைவதால், அது விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிச் செல்கிறது. ஆகவே அது என்றும் தரையைத் தொடுவதில்லை. ஒரு பொருளை 300 கி.மீ. உயரத்திற்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் இந்தப் பக்கவாட்டு வேகத்தை அளிப்பதற்குத் தேவைப்படுகிறது. ராக்கெட்டின் எரிபொருளில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது.

நிலையத்தை அடைய விரும்பும் கலம் மூன்று வகையில் அதனோடு ஒத்துப்போக வேண்டும். நிலையம் சுற்றும் தளத்திலேயே கலமும் சுற்ற வேண்டும். உயரம் ஒன்றாக இருத்தல் வேண்டும். அத்தளத்தில், அவ்வுயரத்தில், அதே நொடியில், அதே புள்ளியில் இருத்தல் வேண்டும். இவற்றுள் முதலாவது, ஏவும் நேரத்தைப் பொறுத்தது. பூமி தன் அச்சில் சுழல்வதால், ஏவுதளம் நிலையத்தின் சுற்றுத்தளத்திற்கு நேர் கீழே வரும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தில் ஏவினால் தளம் தானே பொருந்திவிடும். தவறவிட்டால், விண்ணில் சென்றபின் தளத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகப் பெரிது. ஒரே ஒரு பாகை மாற்றுவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 135 மீட்டர் வேக மாற்றம் தேவை. சிறிய கலம் ஒன்று சுமக்கும் எரிபொருளில் இது கணிசமான பகுதி.

ஆக்சியம்-4 பயணத்தின் ஒத்திவைப்புகளே இதற்கு நல்ல சான்று. 2025 ஜூன் 11ஆம் நாள் புறப்படுவதாக இருந்தபோது குறிக்கப்பட்ட நேரம் இந்திய நேரப்படி மாலை 5.30 மணி. ஒத்திவைக்கப்பட்டு ஜூன் 25ஆம் நாள் புறப்பட்டபோது அது நண்பகல் 12.01 மணி ஆகிவிட்டது. 14 நாட்களில் 329 நிமிடங்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 23.5 நிமிடங்கள் முன்னதாக நகர்ந்துள்ளது. விண்மீன்களைக் கொண்டு அளந்தால் பூமி ஒருமுறை சுழல்வதற்கு 24 மணிக்கு 4 நிமிடம் குறைவாகவே ஆகிறது. எஞ்சிய நிமிடங்கள், பூமியின் நடுப்பகுதி பருத்திருப்பதால் நிலையத்தின் சுற்றுத்தளம் நாள்தோறும் ஏறத்தாழ 5 பாகை மேற்கு நோக்கித் திரும்புவதால் ஏற்படுபவை. ஏவும் நேரத்தை அதிகாரிகள் தம் வசதிக்கேற்ப நிர்ணயிப்பதில்லை. வானமே நிர்ணயிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. இங்குதான் அன்றாட அனுபவம் நம்மைத் தவறான வழியில் செலுத்துகிறது. சாலையில் முன்னே செல்லும் வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் பின்னே வருபவர் வேகத்தைக் கூட்டுவார். விண்வெளியில் அவ்வாறு செய்தால் இடைவெளி பெருகும். வேகம் கூடியவுடன் கலத்தின் பாதை மேலெழுகிறது; மேலே உள்ள பாதை நீளமானது, அங்கே சராசரி வேகமும் குறைவு; ஆகவே ஒரு சுற்றுக்குக் கூடுதல் நேரமாகிக் கலம் பின்தங்குகிறது. மாறாக, வேகத்தைக் குறைத்தால் கலம் தாழ்ந்து, குறுகிய பாதையில் விரைவாகச் சுற்றி முந்திவிடுகிறது. 1965ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி-4 பயணத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் இதை நேரில் கண்டார். தம்மை ஏற்றிவந்த ராக்கெட்டின் எரிந்து முடிந்த இரண்டாம் அடுக்கை நோக்கிக் கலத்தைத் திருப்பி அவர் இஞ்சினை இயக்கினார். அவ்வடுக்கு நெருங்கி வருவதற்குப் பதிலாக விலகிச் சென்றது. எரிபொருள் வீணாவதைக் கண்டு முயற்சி கைவிடப்பட்டது. தேர்ந்த விமானியின் கைப்பழக்கமே அங்கு அவருக்கு எதிராக வேலை செய்தது எனலாம்.

இனி 25 மணி நேரக் கணக்கைப் பார்ப்போம். 200 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலம் ஒரு சுற்றை 88.5 நிமிடங்களில் முடிக்கிறது. 300 கி.மீ. உயரத்தில் சுற்றும் நிலையத்திற்கு 90.5 நிமிடங்கள் ஆகின்றன. எனவே தாழ்ந்த பாதையிலுள்ள கலம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நிமிடம், அதாவது 900 கி.மீ.க்குச் சற்று மேல், முன்னேறுகிறது. கலம் சுற்றுப்பாதையில் நுழையும்போது நிலையம் பூமியின் மறுபக்கத்தில் இருக்குமானால், இடைவெளி ஏறத்தாழ 21,000 கி.மீ. இதனை ஈடுசெய்ய 22 சுற்றுகளுக்கு மேல், அதாவது 33 மணி நேரம் காத்திருக்க நேரும். நிலையம் முன்னே அருகிலேயே இருந்தால் சில சுற்றுகளே போதும். மூன்று மணி நேரத்தில் சென்றடைவதன் மருமம் இதுதான்: வாரக்கணக்கில் முன்னதாகவே நிலையத்தின் உயரத்தைச் சிறிது சிறிதாகச் சரிசெய்து, ஏவும் நாளில் அது கலத்திற்குச் சற்று முன்னே வருமாறு ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். அத்துடன், கலம் இரண்டாம் சுற்றிலேயே நெருங்க வேண்டுமானால் ராக்கெட் அதனை மிகத் துல்லியமாகப் பாதையில் விட வேண்டும். பிழையை அளந்து திருத்த நேரமிராது. விரைவு, காத்திருப்பு ஆகிய இரண்டில் எது நல்லது என்பதற்கு ஒரே விடையில்லை. நெரிசலான கலத்தில் எடையின்மையால் குமட்டலுற்றுத் தவிப்போருக்கு விரைவு நல்லது. கருவிகளை ஆய்ந்து பார்க்கவும் பிழையைத் திருத்தவும் காத்திருப்பு நல்லது.

தோல்வியை அறிந்த துணைவர்கள்

1984ஆம் ஆண்டுப் பயணத்தை இன்று நினைவுகூர்வோர், பிரதமர் இந்திரா காந்தி தொலைக்காட்சி வழியே கேட்ட வினாவையும் சர்மா அளித்த விடையையும் நினைவுகூர்கின்றனர். அக்கலத்தில் அவருடன் அமர்ந்திருந்தவர்களின் முன்வரலாறு அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. ஆனால் விண்வெளி நிலையப் பயணம் எத்தகையது என்பதை அவ்வரலாறே நன்கு காட்டுகிறது.

கலத்தின் தலைவர் யூரி மாலிஷெவ். 1980ஆம் ஆண்டு ஜூனில் சோயுஸ் டி-2 கலத்தில் அவர் சல்யூத்-6 நிலையத்தை நெருங்கியபோது, தானியங்கி முறை இறுதிக் கட்டத்தில் கைவிட்டுவிட, கையால் இயக்கிக் கலத்தை இணைத்தவர். பொறியாளராக முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் நிக்கோலாய் ருகாவிஷ்னிகோவ். 1971ஆம் ஆண்டில் சோயுஸ்-10 கலத்தில் உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூத்-1ஐ எட்டியும் முறையாக இணைய முடியாமல் திரும்பிய மூவரில் அவர் ஒருவர். 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் பல்கேரிய வீரர் கியோர்கி இவானோவுடன் சோயுஸ்-33 கலத்தில் சென்றபோது, நிலையத்தை நெருங்கும் கட்டத்தில் முதன்மை இஞ்சின் பழுதடைந்தது. மாற்று இஞ்சினை நம்பிச் செங்குத்தான பாதையில் அவர்கள் பூமிக்குத் திரும்ப நேர்ந்தது. உடல்நலக் குறைவால் ருகாவிஷ்னிகோவ் இந்தியப் பயணத்திலிருந்து விலக, அவ்விடத்திற்கு வந்தவர் கென்னடி ஸ்திரெகாலோவ்.

ஸ்திரெகாலோவின் அனுபவம் இன்னும் கடுமையானது. 1983 ஏப்ரலில் சோயுஸ் டி-8 கலத்தில் அவர் சல்யூத்-7ஐ நோக்கிச் சென்றார். ஏவும்போது கலத்தின் மேலுறை கழன்று விழுகையில், நிலையத்தின் தொலைவையும் திசையையும் அளந்து கூறும் ஆன்டெனாவும் பிய்ந்து போயிற்று. கலத்தின் தலைவர் விளாதிமீர் தித்தோவ் கண்ணால் பார்த்தே நெருங்க முயன்றார். ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதைக் கண்ணால் மட்டும் கணிப்பது எளிதன்று. சூழ்ந்த வெளியில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பொருளும் இல்லை. கலம் இருளில் நுழைந்தபோது மோதல் நேரலாம் என அஞ்சி அவர் விலகிச் சென்றார். இரண்டு நாட்களில் மூவரும் பூமிக்குத் திரும்பினர்.

அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தித்தோவும் ஸ்திரெகாலோவும் மீண்டும் புறப்பட ஆயத்தமாயினர். ஏவுவதற்கு ஒன்றரை நிமிடம் இருக்கையில் ராக்கெட்டின் அடியில் தீப்பற்றியது. ஆபத்து மீட்பு ராக்கெட்டை இயக்க வேண்டிய கம்பிகளும் எரிந்துவிட்டன. தரையிலிருந்த அதிகாரிகள் வானொலிக் கட்டளை மூலம் அதனை இயக்குவதற்குள் சில நொடிகள் கடந்தன. மீட்பு ராக்கெட் வீரர்களின் அறையைப் பிடுங்கி எறிந்த சில நொடிகளில் ராக்கெட் முழுவதும் வெடித்துச் சிதறியது. இருவரும் சில கிலோமீட்டர் தொலைவில் பாராசூட்டின் மூலம் இறங்கி உயிர் பிழைத்தனர். இந்நிகழ்ச்சி நடந்து ஆறு மாதம் முடிந்த சில நாட்களிலேயே ஸ்திரெகாலோவ் இந்திய வீரருக்கு அருகில் அமர்ந்தார்.

இதனை வீரக்கதையாக மட்டும் கருதினால் பயனில்லை. மனிதரை ஏற்றிச் செல்லும் எந்தத் திட்டத்திலும், பயணத்தின் ஒவ்வொரு நொடிக்கும் தப்பிக்கும் வழி ஒன்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் விதி இவ்வாறான நிகழ்ச்சிகளில் பிறந்ததே. ககன்யான் திட்டத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி அமைப்பு மிக முன்னதாகச் சோதித்தவற்றுள் ஒன்று இந்தத் தப்பிக்கும் ஏற்பாடு. 2018 ஜூலையில் ஏவுதளத்திலிருந்து நிகழ்த்திய சோதனையும், 2023 அக்டோபர் 21ஆம் நாள் பறக்கும் ராக்கெட்டிலிருந்து வீரர் அறையைப் பிரித்தெடுத்து வங்கக் கடலில் இறக்கிய சோதனையும் அதன் பொருட்டே நடந்தன.

ஊசியும் துளையும்

கலமும் நிலையமும் நெருங்கிய பின்னர் நிகழும் இறுதிக் கட்டம், காண்பதற்கு மிக மந்தமானது. சோயுஸ் கலத்தின் முனையில் ஒரு தண்டு நீண்டிருக்கும். நிலையத்தின் வாயிலில் புனல் போன்ற குழிவு ஒன்று உண்டு. தண்டு குழிவினுள் எங்கே பட்டாலும் சறுக்கிச் சென்று நடுவிலுள்ள துளையில் சிக்கிக்கொள்ளும். பின்னர் தண்டு உள்ளிழுக்கப்பட, இரு வாயில்களின் விளிம்புகளும் பொருந்தி, கொக்கிகள் பூட்டிக்கொள்ளும். அன்று இதனை வழிநடத்திய ரேடியோ முறைக்கு ‘இக்லா’ என்று பெயர். ரஷ்ய மொழியில் ஊசி என்பது அதன் பொருள். நிலையத்திலும் கலத்திலும் உள்ள ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, தொலைவையும் நெருங்கும் வேகத்தையும் அளந்து கூறின. தொடும் வேகம் நடந்து செல்பவரின் வேகத்தைவிடவும் குறைவு. ஆனால் ஏறத்தாழ 7 டன் எடையுள்ள கலம் 19 டன் எடையுள்ள நிலையத்தைத் தொடுகிறது என்பதையும், இரண்டின் சுவர்களும் மெல்லியவை என்பதையும், உள்ளே காற்றும் வெளியே வெற்றிடமும் உள்ளன என்பதையும் மறத்தலாகாது. பூட்டிய பின்னும் கதவை உடனே திறப்பதில்லை. இணைப்பில் காற்று கசிகிறதா என்று பொறுமையாகச் சோதித்த பின்னரே திறப்பர்.

நிலையம் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்னும் வினாவிற்கும் சல்யூத்-7 விடை தந்தது. சர்மா சென்று வந்த அடுத்த ஆண்டு, 1985 பிப்ரவரியில், ஆளின்றிச் சுற்றிக்கொண்டிருந்த அந்நிலையம் மின்சாரம் இழந்து ஊமையாயிற்று. ஜூன் 6ஆம் நாள் புறப்பட்ட விளாதிமீர் ஜானிபெகோவும் விக்தர் சவினிஹும், கையில் பிடிக்கும் லேசர் தொலைவு அளவியைக் கொண்டு நெருங்கி, ஜூன் 8ஆம் நாள் செயலற்ற நிலையத்தோடு கையாலேயே இணைந்தனர். உள்ளே நீர் உறைந்து கிடந்தது. கம்பளி உடையணிந்து பணிபுரிந்து அவர்கள் நிலையத்தை மீண்டும் இயங்கச் செய்தனர். 1983ஆம் ஆண்டு தோல்வியில் கற்றது இரண்டே ஆண்டுகளில் பயன்பட்டது.

நிலையத்தில் ஒரு வாரம்

சோயுஸ் டி-11 சென்றடைந்தபோது நிலையத்தில் லியோனித் கிசிம், விளாதிமீர் சலவ்யோவ், மருத்துவரான ஒலெக் அத்கோவ் ஆகிய மூவர் பிப்ரவரியிலிருந்து தங்கியிருந்தனர். முந்தைய செப்டம்பரில் நிலையத்தின் எரிபொருள் அமைப்பில் கசிவு ஏற்பட்டிருந்தது. விருந்தினர் சென்ற பின்னர், ஏப்ரல் 23ஆம் நாள் தொடங்கி, கிசிமும் சலவ்யோவும் பலமுறை வெளியே இறங்கி அக்குழாய்களைச் செப்பனிட்டனர். பழுதுபட்ட வீட்டிலேயே விருந்தினர் வரவேற்கப்பட்டனர் என்று சொல்வது மிகையன்று.

சர்மாவின் பணிகளுள் நமது நாட்டிற்கு நேரடிப் பயன் தரத்தக்கது ‘டெர்ரா’ என்னும் படப்பிடிப்புத் திட்டம். நிலையத்தின் சுற்றுத்தளம் நிலநடுக்கோட்டிற்கு 51.6 பாகை சாய்ந்திருந்ததால், குமரி முதல் காஷ்மீர் வரை இந்தியா முழுவதும் அதன் பாதைக்குக் கீழ் வந்தது. எம்.கே.எப்.-6எம். என்னும் காமிரா ஒரே நிலப்பரப்பை ஆறு வெவ்வேறு ஒளி அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் படமெடுக்க வல்லது. பசுமையான பயிர் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். நீர் அதனை விழுங்கிவிடும். வாடிய பயிர் இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே ஆறு படங்களையும் ஒப்பிட்டால் காடு, வயல், பனி, நீர்நிலை, பாறை அமைப்பு ஆகியவற்றைப் பிரித்தறியலாம். பாஸ்கரா-1, பாஸ்கரா-2 என்னும் துணைக்கோள்களின் மூலம் 1979, 1981ஆம் ஆண்டுகளில் தொடங்கிய இப்பணி, 1988 மார்ச் 17ஆம் நாள் பைக்கானூரிலிருந்தே ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ துணைக்கோளால் நிலையான சேவையாயிற்று. ஆண்டு முழுவதும் ஓயாமல் படமெடுக்கும் பணிக்கு மனிதர் தேவையில்லை என்பதையும் அதன்வழி நாடு உணர்ந்தது. மனிதர் தேவைப்படுவது, எதிர்பாராததைக் கண்டு முடிவெடுப்பதற்கும் தம் உடலையே ஆய்வுப் பொருளாக அளிப்பதற்கும்தான்.

இந்த இரண்டாம் வகையில், எடையின்மையில் யோகாசனப் பயிற்சி தசைகளுக்குப் பயன்படுமா என்னும் ஆய்வை சர்மா மேற்கொண்டார். எடையின்மையில் குருதியும் பிற நீர்மங்களும் தலைப்பக்கம் ஏறுகின்றன; முகம் வீங்குகிறது; நாட்கள் செல்லச் செல்லக் கால் தசைகள் மெலிகின்றன; எலும்பு சுண்ணத்தை இழக்கிறது. உணவிலும் இந்தியப் பங்கு இருந்தது. மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் தயாரித்தளித்த உணவுகள் நிலையத்திற்குச் சென்றன. அந்த வாரத்தில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்றும் ஐவருடன் பறந்துகொண்டிருந்ததால், ஒரே நேரத்தில் 11 மனிதர்கள் விண்வெளியில் இருந்தனர். அன்றைக்கு அது புதுமை.

திரும்பியபோது சர்மாவும் துணைவர்களும் வந்த கலத்திலேயே திரும்பவில்லை. பிப்ரவரி முதல் நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் டி-10 கலத்தில் ஏறி, தத்தம் உடலளவுக்கேற்ப வார்க்கப்பட்ட இருக்கை மெத்தைகளை அதில் பொருத்திக்கொண்டு, ஏப்ரல் 11ஆம் நாள் கஜகஸ்தானில் இறங்கினர். கலத்தின் எரிபொருளும் அடைப்பான்களும் சில மாதங்களே விண்வெளியில் நம்பத்தக்கவை. ஆகவே, நெடுநாள் தங்குவோருக்குப் புதிய கலத்தை விட்டுவிட்டு, பழையதை விருந்தினர் எடுத்துவருவது வழக்கமாயிருந்தது. நிலையத்தில் எத்தனை பேர் இருப்பினும் அனைவருக்கும் திரும்பிவர இடமுள்ள கலம் எந்நேரமும் வாயிலில் நிற்க வேண்டும் என்னும் கணக்கே இதன் அடிப்படை.

விருந்தினர் இருக்கையிலிருந்து

இரண்டாவது இந்தியப் பயணம் இவ்வளவு தாமதமாகும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. இன்சாட்-1சி துணைக்கோளுடன் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் செல்வதற்கு பி. இராதாகிருஷ்ணன், என்.சி. பட் ஆகிய இரு இந்திய அறிவியலறிஞர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் ஓடம் எழுவருடன் அழிந்தது, அப்பயணம் நடைபெறவில்லை.

2025ஆம் ஆண்டுப் பயணத்தில் சுக்லாவின் நிலை வேறு. சர்மா ஆராய்ச்சி வீரராகச் சென்றார். சுக்லா, பெக்கி விட்சன் தலைமையில், கலத்தின் விமானியாகச் சென்றார். போலந்து, ஹங்கேரி நாடுகளின் வீரர் இருவரும் உடன் சென்றனர். டிராகன் கலம் தானே வழிகண்டு தானே இணையவல்லது. காமிராக்களும் லேசர் அளவிகளும் இக்லாவின் இடத்தைப் பிடித்துவிட்டன. விமானியின் வேலை பெரும்பாலும் கண்காணித்தலே. ஆயினும் எப்போது தலையிட வேண்டும், எப்போது தலையிடக் கூடாது என்பதை அறிந்திருத்தல் எளிதில் கிட்டும் திறமையன்று. பச்சைப்பயறு, வெந்தயம் ஆகியவற்றின் முளைப்பு, நுண்பாசிகளின் வளர்ச்சி, தசை மீளுருவாக்கம் முதலிய ஏழு இந்திய ஆய்வுகள் அப்போது நடைபெற்றன. ஜூலை 15ஆம் நாள் கலம் கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பால் கடலில் இறங்கியது.

நிர்வாகத்தில் ஈடுபட்டோர் கூர்ந்து நோக்கத்தக்கது, புறப்படுவதற்கு முந்தைய இரு வாரங்கள். ஏவு ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரியவந்தது. கசிவின் மூலத்தைக் கண்டு முற்றிலும் நீக்கி, சோதித்து நிறைவடைந்த பின்னரே ஏவ வேண்டும் என்று இந்தியக் குழு வற்புறுத்தியதாக இந்திய விண்வெளி ஆராய்ச்சி அமைப்பின் தலைவர் வி. நாராயணன் பின்னர் தெரிவித்தார். அது முடிந்ததும், நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் நெடுநாளாக இருந்துவந்த காற்றுக் கசிவைச் செப்பனிட்டதன் விளைவுகளை ஆராய மேலும் சில நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது. பிறருடைய ராக்கெட், பிறருடைய நிலையம், விலை கொடுத்துப் பெற்ற ஓர் இருக்கை. இருப்பினும் “இன்னும் ஆயத்தமில்லை” என்று கூறும் உரிமையையும் அறிவையும் விருந்தினர் கைவிடவில்லை. சொந்தக் கலத்தை ஏவும் நாளில் இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் இவர்களேயாவர். இருக்கைக்குக் கொடுத்த விலையில் இப்பயிற்சியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

சொந்த வாயில்

ககன்யானின் முதல் பயணங்கள் எந்த நிலையத்திற்கும் செல்வன அல்ல. எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் மூலம் வீரர்களை ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றச் செய்து பத்திரமாகத் திரும்பக் கொணர்வதே அவற்றின் நோக்கம். ஆயின் 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அத்திட்டத்தை விரிவாக்கி, பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தின் முதல் பகுதியை அமைப்பதற்கும் ஒப்புதல் அளித்தது. முதல் பகுதியை 2028ஆம் ஆண்டிற்குள்ளும், முழு நிலையத்தை 2035ஆம் ஆண்டிற்குள்ளும் அமைப்பது இலக்கு. பல பகுதிகளை விண்ணில் ஒன்றோடொன்று கோத்தே அந்நிலையம் உருவாக வேண்டும். எனவே இணைக்கும் கலை இல்லையேல் நிலையமும் இல்லை.

அக்கலையை எந்த நாடும் எளிதில் விற்பதில்லை. 2024 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட் 220 கிலோ எடையுள்ள இரு சிறு துணைக்கோள்களை விண்ணில் விட்டது. ஸ்பேடெக்ஸ் எனப்படும் இம்முயற்சியில், ஒன்றையொன்று துரத்தி நெருங்கி இணைவதே அவற்றின் பணி. ஜனவரி 7ஆம் நாள் நடைபெறவிருந்த இணைப்பு, கூடுதல் சோதனை தேவைப்பட்டதால் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்து 9ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்ததும், கோள்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக நகர்ந்ததால் ஒத்திவைக்கப்பட்டது. 12ஆம் நாள் இரண்டும் 15 மீட்டர் வரையும் பின்னர் 3 மீட்டர் வரையும் நெருங்கின. ஆனால் இணைக்கப்படாமல், திரட்டிய தகவல்களை ஆராயும் பொருட்டு மீண்டும் விலக்கப்பட்டன. 3 மீட்டர் வரை வந்து திரும்பியதைச் செய்தித்தாள்கள் சில ஏமாற்றமாகக் கருதின. ஸ்திரெகாலோவும் தித்தோவும் 1983இல் இருளில் எடுத்த முடிவை அறிந்தவர்க்கு அது ஏமாற்றமாகத் தோன்றாது. 2025 ஜனவரி 16ஆம் நாள் இரு கோள்களும் இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளுக்கு அடுத்து இதனைச் செய்த நான்காவது நாடு இந்தியா. மார்ச் 13ஆம் நாள் அவை பிரிக்கப்பட்டு, ஏப்ரலில் இரண்டாம் முறை இணைக்கப்பட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மின்சாரமும் அனுப்பிப் பார்க்கப்பட்டது.

இவை ஆளற்ற கோள்கள். இணைப்பு வாயிலின் அகலம் 450 மி.மீ. மட்டுமே. மனிதர் நுழைந்து செல்வதற்குப் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ள வழி 800 மி.மீ. அகலமுடையது. அவ்வாயிலில் காற்று கசியலாகாது. பல டன் எடையுள்ள இரு பொருள்கள் தொடும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். ஆபத்து நேரின் நொடிப்பொழுதில் கழன்று வீரர்களை விடுவிக்கவும் வேண்டும். பொறியாளர்கள் முன் இப்போதுள்ள வேலை இதுவே.